‘பெரிய மிட்டா மிராசு’ என்றால் யார்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் பத்திரம் எழுதுவது என் தொழில். பழைய கிரையப் பத்திரத்தைப் பிரித்தால் ஜில்லா, தாலுகா, அதற்குக் கீழே ‘மிட்டா’ என்று ஒரு சொல் நிற்கும். கொண்டு வந்தவர் உடனே, “மிட்டா மிராசுன்னு சொல்றாங்களே, அந்த மிட்டாவாங்க இது?” என்பார். அதேதான். அங்கே தொடங்கும் பேச்சு பணக்காரர்களுக்கு நம் ஊரில் வழங்கும் மற்றப் பெயர்களுக்கும் போய்விடும். திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே கொடுத்திருக்கிறேன்.

மிட்டா மிராசுன்னா பணக்காரன்னுதானே அர்த்தம்?

பணக்காரர்தான். ஆனால் யாரையும் பாராட்டுவதற்கு இந்தச் சொல் வருவதில்லை. ஒன்று, இல்லை என்று சொல்ல வரும்: “நாங்க என்ன மிட்டா மிராசா, மாசத்துக்கு ஒரு பட்டுப்புடவை எடுக்க?” இல்லாவிட்டால் குத்திக்காட்ட வரும்: “பெரிய மிட்டா மிராசு கணக்கா கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கான் பாரு.” “அவர் ஒரு மிட்டா மிராசு, போய்ப் பார்த்துட்டு வா” என்று யாரும் நேராகச் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்னொன்று, இந்தச் சொல்லில் நிலத்தின் வாசனை உண்டு. ஓடியாடிச் சம்பாதித்தவருக்கு இது பொருந்தாது. குத்தகையும் வாரமும் (விளைச்சலில் நிலக்காரர் பங்கு) வீடு தேடி வர, திண்ணையில் உட்கார்ந்தபடி சாப்பிடுகிறவர்தான் மிட்டா மிராசு. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக் கோடி சேர்த்த பையனை அப்படிச் சொன்னால் அது வெறும் கேலி.

மிட்டா வேற, மிராசு வேறயா? ரெண்டும் ஒரே சொல்லுன்னு இல்ல நினைச்சேன்.

இரண்டும் வேறு. மிட்டா என்பது வரி வசூலுக்காகச் சில ஊர்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய ஒரு கூறு. அந்தக் கூறுக்கு இவ்வளவு என்று தீர்த்த தொகையைச் சர்க்காருக்குக் கட்டிவிட்டு, ஊர்களில் வரி வாங்கிக்கொள்ளும் உரிமை உள்ளவர் மிட்டாதாரர். பழைய கம்பெனி ஆவணங்களில் ‘முட்டா’ என்றும் இருக்கும். ஆந்திரப் பக்கம் அந்த உச்சரிப்புதான் நிலைத்தது.

மிராசு அரபியிலிருந்து வந்தது. பரம்பரையாக வரும் உரிமை என்று பொருள். நாம் தினமும் புழங்கும் ‘வாரிசு’ம் அதே வேரில் பிறந்ததுதான். வாரிசுக்கு வருவது மிராசு. நிலம் என்றுதான் இல்லை. கர்ணம் (ஊர்க் கணக்கு), மணியம் (ஊர்த் தலைமை) போன்ற ஊர் வேலைகளும் கோயில் ஊழியமும்கூட மிராசாக இருந்தன. இரண்டிலும் ஒட்டிக்கொள்ளும் ‘தார்’ பாரசீகம். வைத்திருப்பவர் என்று அர்த்தம். தாசில்தாரில் வருவதும் அதுவே.

ஆகவே மிட்டா காசு கொடுத்து எடுத்தது, மிராசு பிறப்பால் வந்தது. புதுப் பணக்காரரையும் பழைய பணக்காரரையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிற தொடர் இது. பேசுகிறவர்கள் யாரும் அந்த வித்தியாசம் பார்த்துப் பேசுவதில்லை, அது வேறு விஷயம்.

மிட்டாய்க்கும் இதுக்கும் ஏதாச்சும் சம்பந்தம் உண்டா? எம் பையன் கேக்கறான்.

கிடையாது. மிட்டாய், இனிப்பு என்ற பொருளில் இந்துஸ்தானியிலிருந்து வந்தது. பையனிடம் சொல்லிவிடுங்கள். சின்ன வயதில் நானும் மிட்டாதாரரை மிட்டாய்க் கடைக்காரர் என்றுதான் நினைத்திருந்தேன்.

இந்த மிட்டா சேலத்துக்கு எப்படிங்க வந்துச்சு? வெள்ளைக்காரன் கொண்டாந்ததா?

ஆமாம். 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் சேலத்தையும் பாராமகாலையும் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டுக்கொடுத்தார். முதல் கலெக்டராக வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவரும், அவருக்குக் கீழே இருந்த தாமஸ் மன்றோவும் ஊர் ஊராக நிலத்தை அளந்து, உழுகிறவரிடமே நேராக வரி வாங்கினார்கள். பின்னாளில் ரயத்துவாரி என்று பேர் வாங்கிய முறை வேர் பிடித்தது இந்த மண்ணில்தான்.

ஆனால் வங்காளத்தில் ஜமீன்தார்களை வைத்து வரியை நிரந்தரமாகத் தீர்த்து வைத்திருந்த மேலிடத்துக்கு இங்கேயும் அதுவே வேண்டும் என்று ஆசை. அதற்காக 1802-இல் 25-ஆம் ரெகுலேஷன் என்ற சட்டம் வந்தது. வடக்கே ஆந்திரக் கடற்கரையில் பழைய ஜமீன்தார்கள் இருந்தார்கள். சேலத்தில் அந்த அளவுக்கு ஆள் இல்லை. இல்லாவிட்டால் என்ன, உண்டாக்கிவிடலாம் என்று, அடுத்த சில ஆண்டுகளில் ஊர்களை மிட்டா மிட்டாவாகக் கட்டி ஏலம் விட்டார்கள். ரோட்டோரப் புளியமரத்து மகசூலை இன்றைக்கும் ஏலம் விடுகிறார்களே, கிட்டத்தட்ட அதுதான். புளி ஏலம் வருஷத்தோடு முடியும். இது சாசுவதம் என்று சன்னது, அதாவது உரிமைப் பத்திரம், எழுதிக் கொடுத்தார்கள்.

சாசுவதமாக நின்றதா என்றால், பலருக்கு நிற்கவில்லை. தீர்த்த தொகை அதிகம். மழை பொய்த்தாலும் கிஸ்தியை (வரித் தவணையை) கட்டியாக வேண்டும். பாக்கி விழுந்தால் மிட்டா மறுபடி ஏலத்துக்குப் போகும். எடுக்க ஆளில்லாதபோது சர்க்காரே எடுத்துக்கொண்டு ரயத்துவாரிக்குத் திருப்பியது. அதனால்தான் பழைய சேலம் ஜில்லாவில் ஒரு ஊர் மிட்டாவாகவும், வரப்பைத் தாண்டினால் அடுத்த ஊர் ரயத்துவாரியாகவும் இருந்தது. நாம் பொறாமையோடு சொல்கிற மிட்டா மிராசுகளில் பலர் கிஸ்தி தேதி நெருங்கினால் தூக்கம் கெட்டவர்கள்.

மிட்டாதாரரும் ஜமீன்தாரும் ஒண்ணா?

சட்டத்தின் பார்வையில் அதிக வித்தியாசமில்லை. இருவரும் சன்னது பெற்று, தீர்த்த தொகையைக் கட்டியவர்கள். மதிப்பில் வித்தியாசம் உண்டு. ஜமீன்தார் என்றால் பெரிய பரப்பும் பழைய வம்சமும் நினைவுக்கு வரும். மிட்டாவை யார் வேண்டுமானாலும் ஏலத்தில் எடுக்கலாம், விற்கலாம், பங்கு போட்டுப் பிரிக்கலாம். நாலு தலைமுறை பங்கு பிரித்தால் என்ன மிஞ்சும்? மிட்டாவில் அரைக்கால் பங்குக்காரர் என்று ஒருவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார். ஊருக்கு அவரும் மிட்டாதாரர்தான்.

பழைய சேலம் ஜில்லாவில் பேர் பெற்ற ஜமீன் குமாரமங்கலம். திருச்செங்கோட்டுப் பக்கம் உள்ளது, இப்போது நாமக்கல் மாவட்டத்தில் சேரும். அந்த ஜமீன்தாரான டாக்டர் பி. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதன்மை மந்திரியாக இருந்தார். அவர் மகன் மோகன் குமாரமங்கலம் கம்யூனிஸ்ட் தலைவராக இருந்து பிற்பாடு மத்திய மந்திரியானவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மிட்டா மிராசு என்று எல்லோரையும் ஒரே கட்டாகக் கட்டிவிட முடியாது என்பது புரியும்.

மிராசுதார்னா தஞ்சாவூர்க்காரங்கதானே? நம்ம பக்கம் ஏன் அதிகம் கேக்கறதில்ல?

சரியாகத்தான் சொல்கிறீர்கள். மிராசுப் பாத்தியதை வலுவாக இருந்தது காவிரிப் பாசனம் பாய்ந்த தஞ்சாவூரிலும் செங்கல்பட்டுப் பக்கமும்தான். தஞ்சாவூரில் ராஜா மிராசுதார் மருத்துவமனை என்றே ஒன்று இருக்கிறது. நம்முடையது மானாவாரியும் கிணற்றுப் பாசனமும். நம் பக்கத்துச் சொல் மிட்டா, அவர்கள் பக்கத்துச் சொல் மிராசு. இரண்டுக்கும் ‘மி’ மோனையாக விழுந்ததும், காதுக்கு இனிமையாக ஜோடி சேர்ந்துகொண்டன.

மிட்டாப்புதூர், ஜாகீர் அம்மாபாளையம்னு ஊர்ப் பேரெல்லாம் இருக்கே, அதுவும் இதே கணக்கா?

இதே கணக்கு. சேலம் டவுனுக்குள் மிட்டாப்புதூர், தருமபுரிப் பக்கம் மிட்டாரெட்டிஅள்ளி, மிட்டாநூலஅள்ளி. தருமபுரி 1965 வரை சேலம் ஜில்லாவில்தான் இருந்தது. ஜாகீர் அம்மாபாளையம், ஜாகீர் ரெட்டிப்பட்டி என்றால், செய்த ஊழியத்துக்காக அந்த ஊர் வருமானத்தை ஒருவருக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள் என்று அர்த்தம். இனாம் வேடுகத்தாம்பட்டியில் வரும் இனாம், வரியில்லாமலோ குறைந்த வரியிலோ தானமாகக் கொடுத்தது. இன்றைக்கு ஒரு கிலோ வாங்கினால் இன்னொரு கிலோ ‘இனாம்’ என்கிறோமே, அதே சொல்.

கிருஷ்ணகிரிப் பக்கம் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். தெலுங்கில் ‘மிட்ட’ என்றால் மேடு. தெலுங்கு பேசுகிறவர்கள் நிறைந்த ஊரில் ‘மிட்ட’ என்று பேர் தொடங்கினால் அது வெறுமனே மேட்டில் இருக்கும் ஊராகவும் இருக்கலாம். பேரை மட்டும் வைத்து, இங்கே ஒரு மிட்டாதாரர் இருந்தார் என்று கதை கட்டிவிடாதீர்கள்.

எங்க தாத்தா ஏற்காட்டுக்காரர். அவர் பணக்காரங்களை ‘தொரை’ன்னுதான் சொல்வாரு. அது ஏன்?

மலை மேலே மிட்டாவும் மிராசும் பேச்சில் எடுபடவில்லை. அங்கே பணம் வந்தது காபியில். சேலத்தில் 1820-களில் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன்தான் சேர்வராயன் மலையில் காபியைக் கொண்டுவந்து வைத்தவர். அவரைத் தொடர்ந்து வெள்ளைக்காரர்கள் தோட்டம் போட்டார்கள். துரை என்பது தலைவன், பிரபு என்ற பொருளில் ஏற்கெனவே இருந்த சொல், தெலுங்கில் ‘தொர’. அதைத் தூக்கி வெள்ளைக்காரருக்கு வைத்தார்கள். அவர் மனைவி துரைசாணி.

வெள்ளைக்காரர் போனபின் தோட்டத்தை வாங்கிய நம் ஆட்களுக்கும் பட்டம் கைமாறியது. கீழே டவுனில் அதுவே கேலியாகிவிட்டது: “தொரை எந்திரிச்சாச்சா?” என்று பத்து மணிவரை தூங்கும் மகனை அம்மா கேட்பதில் பணமும் இல்லை, காபியும் இல்லை.

மைனர்னா மேஜர் ஆகாதவன். அது எப்படிப் பணக்காரப் பையனைக் குறிக்க ஆரம்பிச்சுது?

இது கோர்ட்டிலிருந்து வந்த சொல். ஜமீனோ மிட்டாவோ வைத்திருந்தவர் இறந்து, வாரிசு சிறு பையனாக இருந்தால், சொத்தைக் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்ற சர்க்கார் ஏற்பாடு எடுத்து நடத்தும். 1804-இலேயே இதற்கு ரெகுலேஷன் உண்டு. 1902-இல் தனிச் சட்டமும் வந்தது. காகிதத்தில் பையனுக்கு ‘மைனர்’ என்று பேர். கணக்கு வழக்கு எதுவும் அவன் தலையில் இல்லை. செலவுக்குப் பணம் வரும். சுற்றி நாலு ஜால்ரா. ஊர் அவனை மைனர் என்றே கூப்பிட்டது. நாற்பது வயதானாலும் மைனர்தான்.

சில்க் ஜிப்பாவும் போய்விட்டது, குதிரை வண்டியும் போய்விட்டது. மைனர் செயின் மட்டும் இருக்கிறது. கடைவீதியில் நகைக்கடை ஏறி “மைனர் செயின் காட்டுங்க” என்றால், மேல் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டால் வெளியே தெரிகிற தடிமனில் எடுத்துப் போடுவார்கள்.

‘நீ என்ன பெரிய லாடு லபக்குதாஸா’ன்னு திட்றாங்களே, அது யாரு?

அப்படி ஒரு ஆள் இருந்ததில்லை. லாடு என்பது லார்டு. கவர்னரை நம் முன்னோர் லாட் துரை என்றார்கள். லபக்குதாஸ் அதற்கு ஓசைக்காக ஒட்டிய வால். மிட்டா மிராசில் இரண்டு பாதியும் சொத்து. இதில் ஒரு பாதி கவர்னர், மறு பாதி வெத்து.

இப்போ சேலத்துல பணக்காரங்களை என்னன்னு சொல்றோம்?

நிலத்தை விட்டுத் தொழிலுக்கு வந்துவிட்டோம். ஆளைச் சொல்லாமல் தொழிலைச் சொல்லி ‘காரர்’ போட்டுவிடுவார்கள். சேகோ (ஜவ்வரிசி) பேக்டரிக்காரர், வெள்ளிக்காரர், மண்டிக்காரர், லாரிக்காரர், பைனான்ஸ்காரர். திருச்செங்கோட்டுப் பக்கம் போனால் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்காரர், நாமக்கல் என்றால் கோழிப்பண்ணைக்காரர். கல்யாணத் தரகர் “பொண்ணு வீடு சேகோங்க” என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவார். மரவள்ளிக்கிழங்கு விலை படுத்திருக்கிறதா எழுந்திருக்கிறதா என்பதை நாம் விசாரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

லீ பஜாரிலும் செவ்வாய்பேட்டையிலும் கடன் கொடுப்பவர்கள் பேச்சு வேறு மாதிரி. “பார்ட்டி சவுண்டா?” என்றால் சத்தமாகப் பேசுகிற ஆளா என்று கேட்கவில்லை; கொடுத்த பணம் திரும்பி வருமா என்று கேட்கிறார்கள். ‘பசையுள்ள ஆளு’ என்றால் கையில் ரொக்கம் ஒட்டும். ‘பெரிய கை’ என்றால் ரொக்கம் இருக்கிறதோ இல்லையோ, வாங்கினால் மொத்தமாக வாங்குவார். மூன்றும் ஒன்று என்று நினைத்து ஒரு பெரிய கைக்குக் கடனாகச் சரக்குப் போட்டு, வசூலுக்கு அலைகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மண்டிக்காரர் கடன் நோட்டில் பேருக்குப் பக்கத்திலேயே பென்சிலால் ‘ச’, ‘ப’ என்று போட்டு வைத்திருந்தார். ‘பெ’ என்று போட்ட பக்கத்தில்தான் பாக்கி நீளம்.

வசதியான வீட்டில் பெண் எடுத்தவனை ‘புளியங்கொம்பைப் பிடிச்சுட்டான்’ என்பது எல்லா ஊரிலும் உண்டு. புளியமரத்துக் கிளை லேசில் முறியாது, அதனால் வந்த வழக்கு. ‘டாட்டா பிர்லா’வும், அவர்கள் இடத்துக்கு வந்த ‘அம்பானி’யும் நாடு முழுக்கத் தெரிந்தவை. வேலை மட்டும் பழையதுதான்: “நான் என்ன அம்பானியா?” என்பது முதல் பதிலில் சொன்ன அதே இல்லை-பாட்டு.

‘பண்ணாடி’ன்னு கூப்பிடறது மரியாதைதானே? எங்க ஊர்ல பெரியவங்க சொல்வாங்க.

கூப்பிடப்பட்டவருக்கு மரியாதை. கூப்பிட்டவருக்கு? கொங்குப் பக்கம் பண்ணையில் வேலை செய்தவர்கள் நிலக்காரரை அழைத்த சொல் பண்ணாடி. அவர் மனைவி பண்ணாடிச்சி. வேறு விதமாக அழைக்க அன்றைக்கு அவர்களுக்கு வழியில்லை. மிட்டா மிராசு முதுகுக்குப் பின்னால் கேலியாகச் சொல்வது, சொல்கிறவர் கை ஓங்கியிருக்கும். இது முகத்துக்கு எதிரே கை கட்டிச் சொன்னது. கேலிக்குக்கூட இதை யார் மீதும் பிரயோகிக்க வேண்டாம் என்பது என் கட்சி. பழைய சொல்லாயிற்றே என்று சினிமா வசனம் மாதிரிப் பேசுகிற இளவட்டங்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கொள்ளுத்தாத்தா பத்திரத்துல ‘மிட்டாதாரர்’னு தெளிவாப் போட்டிருக்குங்க. அப்போ அந்த ஊரே எங்களதா?

மாதம் ஒருவராவது இந்தக் கேள்வியோடு வருகிறார். இல்லை. மிட்டா பற்றி முன்னால் சொன்னதை ஒருமுறை பாருங்கள்: உங்கள் கொள்ளுத்தாத்தா கையில் முக்கியமாக இருந்தது வரி வாங்கும் உரிமை. உழுத குடியானவருக்குத் தனிப் பாத்தியதை இருந்தது; 1908-இன் எஸ்டேட் நிலச் சட்டம் அதை உறுதியாக்கியது. வாரத்தை ஒழுங்காகக் கட்டும்வரை அவரை நிலத்தை விட்டு எழுப்ப முடியாது.

பிறகு 1948-இன் 26-ஆம் சட்டம் வந்தது. ஜமீன், மிட்டா எஸ்டேட்டுகளைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு நஷ்டஈடு கொடுத்து, நிலத்தை ரயத்துவாரிக்கு மாற்றியது. உழுதவர்களுக்குப் பட்டா போனது. மிட்டாதாரர் தன் சொந்தப் பண்ணையாக வைத்து விவசாயம் செய்த நிலத்துக்கு அவரும் பட்டா கேட்கலாம் என்று வழி வைத்தார்கள். இனாம் நிலங்களுக்கு இதே மாதிரி 1963-இல் தனிச் சட்டங்கள்.

ஆகவே தேட வேண்டியது பத்திரத்தில் இருக்கும் பட்டத்தை அல்ல. அந்த ஊரின் செட்டில்மென்ட் காலத்து ஏ-ரிஜிஸ்டரில் (ஊர் நிலப் பதிவேட்டில்) எந்தச் சர்வே எண்ணுக்கு எதிரே யார் பேர் ஏறியிருக்கிறது என்பதைப் பாருங்கள். உங்கள் குடும்பத்தின் பேர் இருந்தால், அதற்குப் பின் போட்ட பாகப்பிரிவினை, கிரையம், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பேசலாம். பேர் இல்லையென்றால் அந்தப் பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம். முத்திரைத்தாளில் ஜார்ஜ் ராஜா படம் இருந்தால் பார்க்க நன்றாகவே இருக்கும்.

சரி, கையில காசு இருந்தா இன்னைக்கு ஒருத்தர் மிட்டா மிராசு ஆக முடியுமா?

பழைய அர்த்தத்தில் முடியாது. மிட்டா ஒழிந்ததை மேலேயே பார்த்தோம். பரம்பரைக் கர்ணம், மணியம் எல்லாம் 1980-இல் போய், இப்போதைய கிராம நிர்வாக அலுவலர் வந்துவிட்டார். சாதாரண விவசாய நிலமாக வாங்கிக் குவிப்பதற்கும் உச்சவரம்பு இருக்கிறது: 1961-இன் நிலச் சீர்திருத்தச் சட்டம் ஐந்து பேர் குடும்பத்துக்கு முப்பது ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வைத்தது, 1970-இல் அதைப் பதினைந்தாகக் குறைத்தார்கள். ஸ்டாண்டர்டு ஏக்கர் என்பது மண்ணின் தரத்தைப் பொறுத்துக் கூடக் குறைய வரும், அதனால் புன்செயில் பரப்பு கொஞ்சம் அதிகம் கிடைக்கும்.

காபி, தேயிலை மாதிரித் தோட்டப் பயிருக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஏற்காட்டில் பெரிய பெரிய எஸ்டேட்டுகள் துண்டு படாமல் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே ஒன்றை வாங்கினீர்கள் என்றால் உங்களுக்கு மிட்டா மிராசு என்று பேர் வராது, தொரை என்றுதான் வரும்.